முகநூலில் அறிவித்தல், கேள்விக்கு மௌனம்: திருகோணமலை மக்களோடு அரசு பேசும் விதம்

2025 நவம்பர் மாதத்தின் கடைசி வாரத்தை இந்த மாவட்டம் இலகுவில் மறக்காது. 'டித்வா' சூறாவளி கிழக்குக் கரையால் நாட்டுக்குள் புகுந்து, மலையகத்தைச் சிதைத்து, 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. திருகோணமலை மாவட்டத்துக்கு முதலில் வந்தது காற்று. பின்னால் வந்தது ஆறு. கண்டியிலும் மாத்தளையிலும் பெய்கின்ற மழையைச் சுமந்துகொண்டு வருகின்ற மகாவலி, கொட்டியாரக் குடாவில்தான் கடலோடு சேர்கிறது. மலையில் விழுந்த மழை மூதூர், வெருகல் பக்கத் தாழ்நிலங்களுக்கு வந்து சேரச் சற்று நேரம் எடுக்கும். மாட்டை அவிழ்த்துவிடவும், நெல்லை மேட்டுக்கு ஏற்றவும், வயதான உம்மாவைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக் கட்டடத்துக்குப் போகவும் நமக்குக் கிடைக்கும் அவகாசம் அந்த நேரம் மட்டுமே.

அந்த நேரத்தில் நம் தொலைபேசிகளுக்கு வந்தவை என்ன என்பதை நினைத்துப் பாருங்கள். வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு படம் வரும். மேலே அரச இலச்சினை, கீழே முழுவதும் சிங்களம். சிறிது நேரத்தில் யாரோ ஒருவரின் குரல் பதிவு: "இதுல என்ன போட்டிருக்கு? தெரிஞ்சவங்க சொல்லுங்க." பிறகு ஓர் ஆசிரியரோ கொழும்பில் கடை வைத்திருக்கும் ஒருவரோ வாசித்துச் சொல்வார். அதற்குள் அந்தப் படத்துக்குப் பின்னால் இன்னொரு படம் வந்திருக்கும். அனர்த்தகால எச்சரிக்கைகள் தமிழில் குறைவாகவும் தாமதமாகவும் வந்தன என்ற குற்றச்சாட்டு அந்த நாட்களில் நாடு முழுவதிலுமுள்ள தமிழ் பேசும் மக்களிடமிருந்து எழுந்தது. அது மிகைப்படுத்தப்பட்ட குற்றச்சாட்டு என்று அந்த இரவுகளைக் கடந்த எவரும் சொல்ல மாட்டார்கள்.

அரச நிறுவனங்கள் இன்று முன்னெப்போதையும்விட அதிகமாகப் பேசுகின்றன. இணையத்தளம், முகநூல் பக்கம், குறுஞ்செய்தி, நேரலை என்று வழிகள் பெருகியுள்ளன. ஆனால், அந்தப் பேச்சு யாருக்குக் கேட்கிறது, யாருக்குக் கேட்கவில்லை, திருப்பிக் கேட்டால் பதில் வருகிறதா என்ற கேள்விகள் அப்படியே நிற்கின்றன. திருகோணமலை போன்ற ஒரு துறைமுக மாவட்டத்தில், கடலும் ஆறும் காணியும் மக்களின் அன்றாட வாழ்வைத் தீர்மானிக்கின்ற இடத்தில், இவை உயிரோடும் உடைமையோடும் சம்பந்தப்பட்ட கேள்விகள்.

தண்டோராவிலிருந்து முகநூல் வரை

ஒரு காலத்தில் அரசாங்கத்தின் செய்தி நமக்கு வந்த வழிகள் மூன்று: கிராம உத்தியோகத்தர், தபாற்கந்தோர், பள்ளிவாசல் அறிவித்தல் பலகை. அவை மெதுவானவை. ஆனால், செய்தி கொண்டுவந்தவரின் முகம் நமக்குத் தெரியும். விளங்காவிட்டால் அந்த இடத்திலேயே கேட்கலாம்.

2004 டிசம்பர் 26 அந்த முறையின் குறையைக் காட்டியது. சுமாத்திராவுக்கு அருகே பூமி அதிர்ந்ததற்கும் நம் கரையை அலை அடைந்ததற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்கள் இருந்தன. அந்த இரண்டு மணித்தியாலத்தில் கிண்ணியாவிலோ மூதூரிலோ குச்சவெளியிலோ கரையோரத்தில் இருந்த எவருக்கும் ஒரு வார்த்தை வரவில்லை. கிண்ணியா வைத்தியசாலையே அலையில் அழிந்தது. அந்தப் பேரழிவின் பின்னர் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைந்தது. 117 என்ற அவசர இலக்கம் வந்தது. பொதுவான அரச தகவல்களுக்காக 1919 என்ற இலக்கமும் மும்மொழிகளில் இயங்கத் தொடங்கியது.

நல்லதை நல்லதென்று சொல்ல வேண்டும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு 'புரெவி' சூறாவளி திரியாய், குச்சவெளிப் பகுதியால் கரையைக் கடந்தபோது, முன்கூட்டியே எச்சரிக்கை வந்திருந்தது; கரையோரத்து மக்கள் இடம்பெயர்க்கப்பட்டார்கள்; பேரிழப்பு தவிர்க்கப்பட்டது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின் உச்சத்தில் கியூஆர் முறை வந்தபோது, அது பற்றிய விளக்கம் இணையத்தின் ஊடாகச் சில நாட்களிலேயே நாட்டின் மூலைமுடுக்குகளுக்குச் சென்றது. மனம் வைத்தால் அரச இயந்திரத்தால் மக்களோடு பேச முடியும் என்பதற்கு இவை சாட்சி.

பிரச்சினை, முகநூல் பக்கம் ஒன்றைத் திறந்துவிட்டால் மக்களுக்கு அறிவித்தாயிற்று என்ற எண்ணம் அலுவலகங்களில் வேரூன்றிவிட்டதுதான். பல பக்கங்களை எடுத்துப் பாருங்கள். நாடா வெட்டும் படம், கூட்டத்தில் அதிதிகள் அமர்ந்திருக்கும் படம், பொன்னாடை போர்த்தும் படம். அவற்றுக்கு நடுவே எங்கோ, விண்ணப்ப முடிவுத் திகதி ஒன்று. நான்கு நாள் கழித்து அதைத் தேடினால் இருபது படங்களுக்குக் கீழே கிடக்கும். பதிவின் கீழே "எங்கள் கிராமத்துக்கு எப்போது?" என்று ஒருவர் கேட்டிருப்பார். பதில் இருக்காது.

மொழி: சட்டத்தில் இருப்பதும் திரையில் இருப்பதும்

தமிழில் தகவல் கேட்பது சலுகை கேட்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். நம்மவர்களிலும் சிலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இன் 16ஆவது திருத்தம் அரசியலமைப்பின் மொழி பற்றிய நான்காம் அத்தியாயத்தை விரிவுபடுத்தியது. 22ஆம் உறுப்புரையின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிர்வாக மொழி. இதைக் கண்காணிக்க 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவும் இருக்கிறது. சட்டப் புத்தகத்தில் குறை காண்பது கடினம்.

குறை திரையில் இருக்கிறது. கொழும்பிலுள்ள தலைமையலுவலகம் அறிவித்தலைச் சிங்களத்தில் எழுதுகிறது. மொழிபெயர்ப்பாளர் வந்து, எழுதி, சரிபார்த்து, ஒப்புதல் கிடைத்துத் தமிழ் வெளிவரும்போது சிங்களப் பதிவு நாடு முழுக்கப் பகிரப்பட்டு முடிந்திருக்கும். வேலைவாய்ப்பு அறிவித்தலில் இந்தத் தாமதம் ஒருவருக்கு வாய்ப்பை இழக்கச் செய்யும். வெள்ள எச்சரிக்கையில் அதே தாமதம் உயிரை இழக்கச் செய்யும். மனம்பிட்டியில் மகாவலியின் நீர்மட்டம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்ற தகவல், மூதூரில் இருப்பவருக்கு அடுத்த நாள் மொழிபெயர்ந்து வந்து என்ன பயன்? அப்போது அவர் அந்தத் தண்ணீருக்குள் நிற்பார்.

இதை ஓர் இனத்துக்கு எதிரான குரலாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்டத்தில் முஸ்லிம்கள் சுமார் 40 சதவீதம். தமிழர்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. சிங்களவர்கள் கால் பங்குக்குச் சற்று அதிகம். தமிழில் மட்டும் ஒட்டப்படும் ஓர் அறிவித்தலின் முன் சேருவிலவிலிருந்தோ கோமரங்கடவலயிலிருந்தோ வந்த ஒருவர் விழிபிதுங்கி நிற்பதும் அதே அநீதிதான். இரண்டு மொழியிலும் ஒரே நேரத்தில் என்ற கோரிக்கை இந்த மாவட்டத்தின் எல்லா மக்களுக்குமான கோரிக்கை.

வழிகாட்டல் மாறியது; வாழ்க்கை மாறியது

அரசின் பேச்சு மாறும்போது, ஏன் மாறியது என்று சொல்லப்படாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நம் சமூகத்தைவிட யார் அறிவார்?

2020 மார்ச் மாத இறுதியில் சுகாதார அமைச்சு வெளியிட்ட கொவிட் வழிகாட்டலில், தொற்றினால் மரணித்தவரை அடக்கம் செய்யவும் இடமிருந்தது. சில நாட்களுக்குள், மார்ச் 31ஆம் திகதி, அது தகனம் மட்டும் என்று திருத்தப்பட்டது. ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானியின் மூலம் அது சட்டமாகியது. உலக சுகாதார நிறுவனம் அடக்கம், தகனம் இரண்டையும் அனுமதித்திருந்தது. எந்த விஞ்ஞான ஆதாரத்தின் அடிப்படையில் நம் நாட்டில் மட்டும் ஆவணம் மாறியது என்பதற்கு நிலத்தடி நீர் பற்றிய பேச்சைத் தவிர உறுதியான விளக்கம் மக்கள் முன் வைக்கப்படவில்லை. கேட்டவர்களுக்குக் கிடைத்தவை நிபுணர் குழு என்ற சொல்லும் காத்திருப்பும். 2021 பெப்ரவரி 25ஆம் திகதி அடக்கத்துக்கு அனுமதி வரும்வரை எத்தனை குடும்பங்கள் தம் ஜனாஸாக்களை நெருப்புக்குக் கொடுத்துவிட்டுக் குமுறின என்பதை இங்கே விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அனுமதி வந்த பின்னும் முதலில் இரணைதீவு என்றார்கள். பிறகு ஓட்டமாவடி மஜ்மா நகர் என்றானது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

மன்னிப்பை மதிக்கிறோம். ஆனால், அதில் அடங்காத ஒரு பாடம் இருக்கிறது. ஓர் அரச இணையத்தளத்தில் நேற்று இருந்த வாசகம் இன்று இல்லாமல் போகலாம். எப்போது மாறியது, யார் மாற்றினார், என்ன காரணம் என்ற குறிப்பு எதுவும் இல்லாமலேயே அது நடக்கலாம். காகித வர்த்தமானிக்கு இலக்கமும் திகதியும் உண்டு. பழையதைக் காட்டிப் புதியதைக் கேள்வி கேட்கலாம். இணையப் பதிவுக்கு அந்த ஒழுங்கு நம் நாட்டில் இன்னும் வரவில்லை. மாற்றப்பட்ட ஒவ்வோர் அறிவித்தலும் தன் பழைய வடிவத்தோடும் மாற்றிய திகதியோடும் காரணத்தோடும் இருக்க வேண்டும். இது தொழில்நுட்பத்தில் சிறிய வேலை. அன்று அது இருந்திருந்தால், குறைந்தபட்சம் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் அதிகாரிகளுக்கு வந்திருக்கும்.

வர்த்தமானி வாசிக்காதவரின் காணி

காணி விடயத்தில் அரசின் பேச்சு இன்னும் அமைதியானது. வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளிவருகிறது. வயலில் நிற்பவர் அதை வாசிப்பதில்லை. ஆனால், சட்டத்தின் பார்வையில் அவருக்கு அறிவிக்கப்பட்டாயிற்று.

2017 மார்ச் 24ஆம் திகதி, அன்றைய ஜனாதிபதி ரஷ்யப் பயணத்தில் இருந்தவாறே கையொப்பமிட்ட வர்த்தமானியொன்று முசலிப் பிரதேசத்தின் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி உள்ளிட்ட பகுதிகளைப் பாதுகாக்கப்பட்ட வனத்துக்குள் கொண்டுவந்தது. 1990இல் விரட்டப்பட்டு, பல ஆண்டுகளின் பின் மீளக் குடியேற வந்த மக்கள், தம் பூர்வீகக் காணி காடாகிப் போனதைச் செய்தியில்தான் அறிந்தார்கள். 2025 மார்ச் 28ஆம் திகதி வடமாகாணத்தில் 5,900 ஏக்கருக்கும் அதிகமான காணிகள் குறித்து வர்த்தமானி வெளியானது. உரிமை கோர மூன்று மாதம். போரில் உறுதிகளை இழந்தவர்களும், கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்களும் மூன்று மாதத்தில் என்ன செய்வார்கள் என்ற எதிர்ப்பு வலுத்த பின்னரே அரசாங்கம் பின்வாங்கியது. கிழக்கில், 2020 ஜூன் 2ஆம் திகதிய வர்த்தமானியின் மூலம் தொல்பொருள் மரபுரிமைகளுக்கான ஜனாதிபதிச் செயலணி அமைக்கப்பட்டபோது, மூவினம் வாழும் மாகாணத்துக்கான அந்தச் செயலணியில் ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இருக்கவில்லை.

நம் துறைமுகத்தின் வாசலுக்கே வருவோம். பட்டினமும் சூழலும் பிரிவிலுள்ள முத்துநகர் வயல்கள் 1984ஆம் ஆண்டின் வர்த்தமானியொன்றின் மூலம் துறைமுக அதிகாரசபைக்குச் சொந்தமானவை என்கிறது அரசு. அந்த வர்த்தமானிக்குப் பின்னரும் பல தசாப்தங்களாக அங்கே உழவு நடந்தது; விதைப்பும் அறுவடையும் நடந்தன. 2025இல் அதே நிலத்தில் சூரிய மின்சக்தித் திட்டங்களுக்காக விவசாயிகள் அகற்றப்பட்டபோதுதான், நாற்பது ஆண்டு பழைய காகிதம் வயலுக்கு இறங்கி வந்தது. செப்டம்பரில் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் சார்பில் மாவட்டச் செயலகத்தின் முன் சத்தியாக்கிரகம் தொடங்கியது.

சூரிய மின்சாரம் வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. துறைமுக அதிகாரசபையின் சட்ட உரிமையை நீதிமன்றங்கள் தீர்மானிக்கட்டும். இங்கே கேள்வி வேறு. நிலத்தைக் குத்தகைக்குக் கொடுக்க முடிவெடுக்கும் முன், அந்த நிலத்தில் ஏர் பிடித்து நிற்பவரை அழைத்து, வரைபடத்தை விரித்து, இன்ன ஏக்கர் இன்ன திகதியில் போகிறது, உங்களுக்கு மாற்று இதுதான் என்று தமிழில் சொல்லி, அவர் சொல்வதையும் எழுதிக்கொள்ள ஓர் ஏற்பாடு ஏன் இருக்கவில்லை? வீதியில் அமர்ந்தால்தான் அதிகாரி வெளியே வந்து பேசுவார் என்ற நிலைமையைப் பொதுமக்கள் தொடர்பாடல் என்று அழைக்க முடியாது.

தாங்கிகள், ஒப்பந்தங்கள், ஒன்பதாம் பிரிவு

சீனக்குடாவைச் சுற்றி வாழ்பவர்களுக்கு எண்ணெய்த் தாங்கிகள் சிறுவயதுக் காட்சி. பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன அந்த 99 தாங்கிகள் பற்றி 2022 ஜனவரி 6ஆம் திகதி ஒப்பந்தங்கள் கைச்சாத்தாகின. 61 தாங்கிகள் கூட்டு நிறுவனத்துக்கு. அதில் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 51 சதவீதம், லங்கா ஐஓசிக்கு 49 சதவீதம். 14 தாங்கிகள் லங்கா ஐஓசியிடம், 24 கூட்டுத்தாபனத்திடம். காலம் 50 ஆண்டுகள். 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமர் கொழும்பு வந்தபோது, திருகோணமலையைச் சக்திவள மையமாக்க இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய மூன்று நாடுகளுக்கிடையே புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தானது. சம்பூரில் 120 மெகாவோட் சூரிய மின் நிலையத்துக்கும் அன்றே ஆரம்பம் வைக்கப்பட்டது. அந்தப் பயணத்தில் கைச்சாத்தான உடன்படிக்கைகளின் முழு வாசகங்களை வெளியிடுமாறு எதிர்க்கட்சிகளும் சிவில் சமூகத்தினரும் பல மாதங்கள் கேட்க வேண்டியிருந்தது.

இவை நல்ல திட்டங்களா, கெட்ட திட்டங்களா என்ற விவாதத்துக்குள் நான் நுழையவில்லை. அந்த விவாதத்தை நடத்தவே நம்மிடம் தகவல் இல்லை என்பதுதான் முறைப்பாடு. சம்பூர் மக்களுக்கு இது இரட்டிப்பு வலி. 2006இல் இடம்பெயர்ந்து, ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் முகாம்களில் கிடந்தவர்களின் மண்ணில் அனல் மின் நிலையம் வரும் என்றார்கள். 2016இல் அது கைவிடப்பட்டது. இப்போது சூரிய மின்சாரம். ஒவ்வொரு தடவையும் அவர்களின் எதிர்காலம் பற்றிய செய்தி டெல்லியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ பத்திரிகை வழியாகத்தான் அவர்களிடம் வந்து சேர்ந்தது.

ஆனால், சட்டம் வேறு விதமாகச் சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவை நம்மில் பலர் அறியமாட்டார்கள். வெளிநாட்டு நிதியில் ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட, அல்லது உள்நாட்டு நிதியில் ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட எந்தத் திட்டமானாலும், அது தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர் அது பற்றிய தகவல்களைப் பொதுமக்களுக்கும், குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அறிவிக்க வேண்டியது பொறுப்பான அமைச்சரின் கடமை. அவசரத் திட்டமென்றால்கூட ஒரு வாரத்துக்கு முன்னர் அறிவிக்க வேண்டும். ஐந்து இலட்சம் ரூபா என்பது இன்று ஒரு சிறிய வடிகான் வேலைக்கும் போதாத தொகை. அப்படியானால் ஊரிலுள்ள அநேகமான வேலைத்திட்டங்கள் இந்தப் பிரிவுக்குள் வருகின்றன. உங்கள் பிரதேசத்தில் எத்தனை திட்டங்களுக்கு அப்படியொரு அறிவித்தலைப் பார்த்திருக்கிறீர்கள்?

குறிஞ்சாக்கேணியில் தொங்கியிருக்க வேண்டிய பலகை

இவ்வளவும் பெரிய விடயங்கள் என்றால், மிகச் சிறிய ஒன்றையும் பார்ப்போம். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் மக்களை ஏற்றிச் சென்ற மிதவைப் படகு கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றைய தினமே மரணித்தார்கள். சீருடையோடு கரை சேர்த்த அந்தச் சின்ன உடல்களை இந்த ஊர் மறக்கவில்லை.

படகுக்கு அனுமதி கொடுத்தது யார்? எத்தனை பேர் ஏறலாம்? உயிர்காப்பு அங்கி உண்டா? கடைசியாகப் பரிசோதித்தது எப்போது? இக்கேள்விகளை நாடு கேட்டது மரணங்களுக்குப் பிறகுதான். கைதுகள் நடந்தன, விசாரணைகள் நடந்தன. அந்தத் துறையில் ஒரு தகரப் பலகை மட்டும் இருந்திருந்தால் என்று இன்றும் எண்ணத் தோன்றுகிறது. அனுமதி இலக்கம், ஏறக்கூடியவர்களின் தொகை, பரிசோதித்த திகதி, முறையிட வேண்டிய தொலைபேசி இலக்கம். நான்கு வரி. பிள்ளையைப் படகில் ஏற்றும் தகப்பன் எண்ணிப் பார்த்திருப்பார்; ஆள் கூடினால் சத்தம் போட்டிருப்பார்; அந்த இலக்கத்துக்கு அழைத்திருப்பார்.

மக்களுக்கு அறிவிப்பது என்றால் கணினியும் கமராவும் வேண்டும் என்று நினைக்கிறோம். தகவல், அது தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் நேரத்தில், வாசிக்கக்கூடிய மொழியில் இருக்க வேண்டும். சில வேளை அதற்குத் தகரமும் பெயின்ட்டும் போதும்.

யாருக்குக் கேட்கவில்லை?

நம் பக்கத்தையும் பார்த்துக்கொள்வோம். அரச அறிவித்தல் ஊருக்குள் பரவ நம்மிடம் நல்ல வழிகள் உண்டு. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னால் கால் மணித்தியாலத்தில் ஊருக்கே தெரியும். வெள்ளத்தின்போது பள்ளிவாசல்களும் இளைஞர்களும் செய்த பணியை அரச அதிகாரிகளே ஒப்புக்கொள்வார்கள். ஆனால், ஜும்ஆவுக்குப் பின் வாசிக்கப்படும் அறிவித்தல் ஆண்களுக்கு மட்டுமே கேட்கிறது. கணவன் கடலிலோ கட்டாரிலோ இருக்க, வீட்டைச் சுமக்கும் பெண்ணுக்கு அது வந்து சேர்வதில்லை. 2023 ஜூன் மாதத்தில் அஸ்வெசும பயனாளிகள் பட்டியல் வெளியானபோது மேன்முறையீட்டுக்குக் கிடைத்தது சில வாரங்களே. நாடு முழுவதிலும் இலட்சக்கணக்கானோர் மேன்முறையீடு செய்தார்கள். செய்யத் தெரியாமல் விட்டவர்களின் கணக்கு எந்தப் பட்டியலிலும் இல்லை. விதவைகளும், தனித்து வாழும் முதியவர்களும், ஸ்மார்ட் போன் இல்லாதவர்களும்தான் அந்தக் கணக்கில் அதிகம் என்பதை நம் அயலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இன்னொன்று வதந்தி. அரசு மௌனமாக இருக்கும் இடத்தை வட்ஸ்அப் நிரப்பிவிடுகிறது. "சுனாமி வருகிறதாம்", "அணை உடைந்துவிட்டதாம்" என்று நள்ளிரவில் பிள்ளைகளோடு ஓடிய அனுபவம் கரையோரத்து ஊர்களுக்குப் புதிதல்ல. யார் சொன்னது, எப்போது சொன்னது என்று பார்க்காமல் பகிரும் பழக்கத்தை நாம் விட வேண்டும். அதே வேளை, அரசு உரிய நேரத்தில் உரிய மொழியில் பேசியிருந்தால் வதந்திக்கு இடம் குறைந்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

செய்யக்கூடியவை

முதலாவது, கேட்பது. தகவலுக்கான உரிமை 2015இன் 19ஆவது திருத்தத்தின் மூலம் 14அ உறுப்புரையாக அடிப்படை உரிமையாகியது. சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. பிரதேச செயலகம், நகரசபை, பிரதேச சபை, துறைமுக அதிகாரசபை, திணைக்களங்கள் எல்லாவற்றிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்க முடியாது. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். உயிரோடும் தனிமனித சுதந்திரத்தோடும் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் வர வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அதன் பின் ஆணைக்குழு. கேள்வியைத் தமிழிலேயே எழுதலாம். எங்கள் பகுதியில் இவ்வருடம் 9ஆம் பிரிவின் கீழ் அறிவிக்கப்பட்ட திட்டங்கள் எவை என்று ஒரு வரியில் கேட்டு, ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஒரு விண்ணப்பம் போனாலே அலுவலகங்களில் கோப்புகள் அசையும்.

இரண்டாவது, கோருவது. நம் மக்கள் பிரதிநிதிகளிடம் கேட்க வேண்டியவை பெரிய செலவில்லாதவை. அனர்த்த எச்சரிக்கை இரு மொழியிலும் ஒரே நிமிடத்தில் வர வேண்டும். அதற்காக மாவட்டச் செயலகத்தில் மழைக்காலம் முழுவதும் மொழிபெயர்ப்பாளர் கடமையில் இருக்க வேண்டும். "இன்ன நீர்மட்டம் என்றால் இன்ன கிராமங்கள் வெளியேற வேண்டும்" என்ற வாசகங்களை முன்கூட்டியே தமிழில் தயாரித்து வைக்கலாம். மாவட்டத்தின் காணிகள் தொடர்பான ஒவ்வொரு வர்த்தமானியும் ஒரு வாரத்துக்குள் தமிழ்ச் சுருக்கத்தோடு கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலும் பள்ளிவாசல், கோவில், விகாரை, தேவாலயப் பலகைகளிலும் ஒட்டப்பட வேண்டும். முகநூலில் கேட்கப்படும் கேள்விக்குப் பதில் சொல்ல ஓர் அலுவலர் பெயர் குறித்து நியமிக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, நாமே செய்வது. ஒவ்வொரு பள்ளிவாசல் நிர்வாகமும் இரண்டு மொழியும் தெரிந்த இரண்டு இளைஞர்களையும் இரண்டு யுவதிகளையும் இதற்கென ஒதுக்கலாம். அரச அறிவித்தலை வாசித்து, சரிபார்த்து, தமிழில் ஊருக்குச் சொல்வது அவர்களின் பணி. மகளிர் அமைப்புகள் அதை வீடுவீடாகக் கொண்டு செல்லலாம். மூதூரில் செய்வதைப் பக்கத்துத் தமிழ்க் கிராமத்தோடு சேர்ந்தும் செய்யலாம். வெள்ளம் இரண்டையும் ஒன்றாகத்தான் மூழ்கடிக்கிறது.

ஒக்டோபரில் வாடைக்காற்று தொடங்கும். நவம்பரில் மகாவலி மீண்டும் பெருகும். அதற்கு முன்னர் பிரதேச அபிவிருத்திக் குழுக் கூட்டங்கள் நடக்கும். அந்தக் கூட்டங்களில் வழமையாக வீதி, மின்குமிழ், மைதானம் பற்றிப் பேசப்படும். இந்தத் தடவை நம் பிரதிநிதி ஒருவராவது எழுந்து, அடுத்த வெள்ள எச்சரிக்கை எங்கள் மக்களுக்கு எந்த மொழியில், எந்த வழியில், எத்தனை மணிக்கு வரும் என்று கேட்கட்டும். அதற்கான பதில் கூட்ட அறிக்கையில் எழுதப்படட்டும். எழுதப்பட்டதா என்று நாம் போய்க் கேட்போம்.